பூத்தொடுக்கும் கைகள் பாடம் சொல்லட்டும்

பினாங்கு, ஜோர்ஜ் டவுன் நகரில், லெபோ குயின் சாலையில் 1833-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயத்தை அறியாத தோட்ட மக்கள் நம் வடமாநிலங்களில் அரியர். பட்டர்வொர்த்தில் படகேறி அக்கரை சேர்ந்து, ஆலயத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, லெபோ பாசாரில் சேலையும் மளிகையும் வாங்கித் திரும்புவது பல குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் அமையும் ஓர் இன்பப் பயணமாகும். அவ்வட்டாரத்தில் நடப்போரின் கண்ணை முதலில் கவர்வன பூக்கடைகளே. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை, கேமரன் மலையில் விளையும் செவ்வந்தி, உள்நாட்டு ஓர்க்கிட், சம்பங்கி, அரளி, துளசி ஆகியவை கூடை கூடையாகக் குவிந்திருக்கும். கடைக்காரரின் விரல்களோ பேச்சுக்கு இடையிலும் ஓய்வின்றித் தொடுத்துக்கொண்டே இருக்கும்.

அங்கு நின்று பார்க்கும் நம் தோட்டச் சகோதரிகள் பலர், “இதென்ன பெரிய வேலை? இதை நானும் கட்டுவேனே!” என்று சொல்வதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அது வெறும் பேச்சன்று. லயத்து வாசலில் மாலை நேரத்தில் தாயும் பாட்டியும் தொடுத்ததைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த வித்தை அது. ஆனால், “அப்படியானால் நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் பெறலாமே” என்று நாம் சொன்ன உடனே, “ஐயோ, பூக்கட்டுவதற்கா காசு வாங்குவது?” என்று முகத்தை மறைத்துக்கொள்வார்கள். தையலுக்குக் கூலி உண்டு. பலகாரத்திற்கும் விலை உண்டு. பூவுக்கு மட்டும் ஏன் இந்த வெட்கமோ, நமக்கு விளங்கவில்லை.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பால்மரம் வெட்டுவோரின் வருவாய் மழையையும் விலையையும் நம்பி நிற்பது. மழை விழுந்தால் பிரட்டோடு அன்றைய வேலை முடிந்தது. இலையுதிர் காலத்தில் மங்கில் பால் குறைகிறது. இவை போதாவென்று, தோட்டத்து வீடும் பெரும்பாலும் வேலையோடு ஒட்டியதாகவே இருக்கிறது. தோட்டம் செம்பனைக்கோ வீட்டுமனைக்கோ மாறும்போது வேலையும் வீடும் ஒரே நாளில் கைவிட்டுப் போன குடும்பங்களை வாசகர்கள் தத்தம் உறவிலேயே கண்டிருப்பார்கள். அவ்வாறு பட்டணத்திற்குக் குடிபெயரும் குடும்பத்தில் மரத்தை அங்கேயே விட்டுவர வேண்டும். கைத்திறனை விட்டுவர வேண்டியதில்லை.

விற்பதா, கற்பிப்பதா?

பூத்தொழில் என்றால் மாலை கட்டி விற்பதையே எல்லாரும் நினைக்கிறார்கள். விற்பனையில் ஒரு பெரும் இடர் உள்ளது. பூவுக்குக் கிராக்கி மிகும் நாள்கள் எவை? தைப்பூசம், பொங்கல், நவராத்திரி, தீபாவளி, முகூர்த்த நாள்கள். தைப்பூசத்திற்கு முதல் நாளான செட்டிப் பூசத்தன்று தண்ணீர்மலையை நோக்கி வெள்ளி இரதம் புறப்படும்போது, பினாங்கில் பூக்கட்டுவோருக்கு முந்திய இரவே உறக்கம் கிடையாது. அதே நாள்களில்தான் பிள்ளைகள் அம்மாவைத் தேடுவார்கள். வீடு கழுவவும் பலகாரம் சுடவும் வேண்டியிருக்கும். மேலும், விற்காத பூ மறுநாள் குப்பைக்கே போகும். மாலை விற்பவர் தம் நேரத்தைப் பஞ்சாங்கத்திடம் கொடுத்துவிடுகிறார் எனலாம்.

கற்பித்தலில் அந்நிலை இல்லை. வகுப்பு சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கா, ஞாயிறு காலையிலா என்பதை ஆசிரியையே முடிவு செய்கிறார். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களுக்கு விடுமுறை விட்டாலும் எவரும் குறை கூறார். ஏனெனில் மாணவியருக்கும் அதே தீபாவளிதான். எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிவதால் பூவும் அளவாகவே வாங்கப்படும். குடும்பத்தைச் சுற்றித் தொழிலை அமைத்துக்கொள்ள விரும்பும் பெண்ணுக்கு இதைவிட ஏற்ற வழி பூத்துறையில் இல்லை என்பது நம் கருத்து. விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தெரிந்தவர் திருமணத்திற்கு இரண்டு மாலை கட்டிக்கொடுப்பது நல்ல விளம்பரமுமாகும்.

தொழிற்சாலைப் பெண்களின் ஆசிரியை

பூ அலங்காரம் கற்பிப்பதை ஒரு தொழிலாகவே நிறுவிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை அம்மையார். 1886-இல் டார்பி நகரில் பிறந்தவர். முதல் மணவாழ்க்கை நலிந்துவிடவே, தம் சிறு மகனுடன் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பி, உழைத்துப் பிழைக்கலானார். 1921-இல் கிழக்கு லண்டனில் ஒரு தொடர்கல்விப் பள்ளியின் தலைமையாசிரியை ஆனார். அங்குப் படித்தவர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஏழைச் சிறுமியர். அவர்களுக்குச் சமையலும் தையலும் கற்பித்ததோடு, பூவை அழகுற அமைக்கவும் கற்றுக்கொடுத்தார். பூ செல்வர்களின் பண்டம் என்ற எண்ணம் வேரூன்றியிருந்த நாட்டில் அது புதுமையாக இருந்தது.

பூக்கடை தொடங்கியபோது அவருக்கு வயது 40-ஐக் கடந்திருந்தது. 1934-இல் பூ அலங்காரப் பள்ளியையும் நிறுவினார்; அதே ஆண்டில் அவருடைய முதல் நூலும் வெளிவந்தது. 1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1960-இல் காலமானார்.

அவருடைய புகழைவிட அவர் பயன்படுத்திய பொருள்களே நமக்குப் பாடமாகும். வேலியோரச் செடிகள், காய்கள், முட்டைக்கோசு இனத்துக் கீரையின் இலைகள் ஆகியவற்றைப் பூவோடு சேர்த்தார். விலையுயர்ந்த சாடிக்குப் பதிலாகச் சமையலறைப் பாத்திரங்களையே எடுத்துக்கொண்டார். பூந்தண்டுகளை நிறுத்த, பாத்திரத்திற்குள் கம்பிவலையைச் சுருட்டி வைத்தார். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அதே கம்பிவலைதான்! தோட்டத்தில் இவற்றுள் எது கிடைக்காது? வேலியில் குரோட்டன்ஸ், வாசலில் வெட்சியும் அலமந்தாவும், ஓடைக்கரையில் பெரணி, எல்லா வீட்டிலும் காலி மைலோ டின்.

ஜப்பானியரின் இக்கேபானாக் கலையிலிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கியோட்டோ நகரின் இக்கெனோபோ மரபைச் சேர்ந்த கலைஞரைப் பற்றி 1462-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று காணப்படுகிறது. அத்துணைப் பழைய அம்மரபு இன்றும் வாழ்வதற்கு அழகு ஒன்றே காரணமன்று. படிப்படியாகப் பயிற்சி தந்து, ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ் வழங்கி, தேறியவரை ஆசிரியராக்கும் முறையும் காரணமாகும். நம் பாட்டிமாரிடம் கலை இருந்தது. படி வகுத்துச் சொல்லும் முறைதான் இல்லை. “பார்த்துக் கத்துக்கோ” என்பதோடு அவர்களுடைய பாடம் முடிந்துவிடும்.

படி வகுத்தல்

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கூறப்பட்டது, எளியதிலிருந்து அரியதற்குச் செல் என்பதாகும். பூ வகுப்புக்கும் அதுவே பொருந்தும். கையால் செய்யும் வேலைகளைக் கோத்தல், தொடுத்தல், கட்டுதல் என மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். ஊசியும் நூலும் கொண்டு கோப்பதைச் சிறுமியும் முதல் நாளிலேயே செய்துவிடுவாள். ஆதலின் முதல் வகுப்பில் ஓர்க்கிட் சரமே போதும். ஒவ்வொருவரும் முடிந்த சரம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையேல் இரண்டாம் வகுப்புக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

நாரால் தொடுப்பதே கடினமானது. இடக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஊறிய வாழைநாரைப் பிடித்து, காம்புகள் எதிரெதிரே அமையுமாறு பூக்களை இரண்டிரண்டாக வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் கண்ணியிட்டு இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் காம்பு அறும். தளர்ந்தால் பூ உதிரும். அந்த நடுநிலை வாயால் சொல்லி வருவதன்று. ஆகவே மல்லிகையில் தொடங்கிக் காசை வீணாக்காமல், முதலில் வெட்சிப் பூவிலோ இலைக்காம்பிலோ பழக்கலாம். ஆசிரியை மாணவிக்கு எதிரில் அமராமல் பக்கத்தில் அமர வேண்டும். எதிரில் அமர்ந்தால் இடம் வலமாகத் தெரிந்து மாணவி குழம்புவாள். ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டுமே திருத்துவதும் நன்று.

அதன் பின்னர் வாசல் தோரணம், குருத்தோலை வேலை, கல்யாண மாலை, பூக்கூடை, மேசை அலங்காரம் எனச் செல்லலாம். கண்ணி, தார், கோதை, தெரியல், பிணையல் என மாலைக்கே இத்தனை சொற்கள் வைத்திருந்த மொழி நம்முடையது என்பதையும் இடையில் சொல்லிவைக்கலாம். கேட்பவர்க்குக் கலையின்மீது மதிப்புக் கூடும். பினாங்கைப் போன்ற இடத்தில் மாணவியர் நம்மவர் மட்டுமாக இருக்கமாட்டார்கள். மலாய்க் குடும்பங்களில் திருமணச் சீர்த்தட்டு அலங்காரத்திற்கு நல்ல மதிப்பு உண்டு. சீனர் கோயில்களிலும் தாய்லாந்துப் பௌத்த ஆலயங்களிலும் பூவுக்குக் குறைவில்லை. பக்கத்து வீட்டு மலாய் அம்மையாரிடம் தட்டு அலங்காரத்தைக் கற்று, அவருக்கு நம் சரத்தொடுப்பைக் கற்பித்தால் இரு வீட்டுக்கும் ஆதாயமாகும்.

பூவும் பால்மரமும்

இங்கே நம் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்ட மண்டபத்தில் பூ அலங்காரச் செய்முறைக்கு நாம் ஏற்பாடு செய்தோம். பட்டணத்தில் நல்ல விலைக்கு வாங்கிய பூக்களை, விருந்துக்கென வைத்திருந்த வாழைப்பழச் சீப்புகளுக்குப் பக்கத்தில், அடைத்த அறையில் இரவு முழுவதும் வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால் பாதிப் பூ தலை கவிழ்ந்திருந்தது. கூடியிருந்தோர் முன் நாம் விழித்துக்கொண்டு நிற்க, முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வெளியே போனார். கைநிறையக் குரோட்டன்ஸ் இலையும் தென்னங்குருத்தும் கொண்டுவந்து, கால் மணி நேரத்தில் மேடையை நிரப்பிவிட்டார். அன்று பாடம் நடத்தியவர் அவரே.

பூ ஏன் வாடியது என்பதைப் பின்னரே கற்றோம். பழுக்கும் பழம் எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. அது பூவை விரைவில் முதிரச் செய்து உதிர்த்துவிடும். பால் நீண்ட நேரம் ஓடுவதற்காக வெட்டுப்பட்டையில் பூசப்படும் எத்தெஃபோன் மருந்து மரத்திற்குள் வெளியிடுவதும் இதே வாயுவைத்தான். மரத்திற்கு வேண்டியது பூவுக்குப் பகையாயிற்று!

மரம் வெட்டுவோருக்குப் பூவின் இயல்பைக் கற்பிப்பது எளிது. விடியுமுன் ஏன் வெட்டப் போகிறோம்? இரவில் நீர் ஏறி மரத்தினுள் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏறக் குறையும். பூவையும் அவ்வாறே விடியலில் கொய்தால் தண்டில் நீர் நிறைந்திருக்கும். மல்லிகை மட்டும் மாலையில் மலர்வதால், அன்றைக்கு மலரவிருக்கும் மொட்டைப் பார்த்துப் பறிக்க வேண்டும். வெட்டுவாயில் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடுவதுபோல, கொய்த பூந்தண்டின் வாயும் காற்றுக் குமிழியாலும் கிருமிகளாலும் அடைபடும். எனவே தண்டின் அடியில் ஓர் அங்குலத்தைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி உடனே நீரில் வைக்க வேண்டும். நீருக்குள் அமிழும் இலைகளைக் களைந்துவிட வேண்டும். அவை அழுகினால் கிருமி பெருகும். நாள்தோறும் நீரை மாற்றுவதும் அவசியம். மல்லிகையை நீரில் ஊறவைக்கலாகாது. ஈரத்துணியிலோ வாழையிலையிலோ பொதிந்து குளிர்ந்த இடத்தில் வைத்தால் போதும். செம்பருத்திக்கு நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்வு ஏறத்தாழ ஒரு நாளே.

அரளியைக் கையாளும்போது எச்சரிக்கை தேவை. அதன் பூ, இலை, தண்டு, பால் அனைத்தும் நஞ்சு. வகுப்பு முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்; உதிரிகளைத் தவழும் குழந்தைக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டாதவாறு அப்புறப்படுத்த வேண்டும். கடைகளில் விற்கும் பச்சைநிறப் பஞ்சுக்கட்டி பற்றியும் ஒரு சொல். அது மக்காது, அதன் தூள் மூச்சுக்கும் கேடு. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க்காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. கம்பிவலையும் மணலும் நமக்குப் போதும், செலவும் மிச்சம்.

வீட்டாரின் பங்கு

வேலைக்குப் போகும் தாய்க்கு ஓய்வு நேரம் என்று தனியாக ஒன்று இருப்பதில்லை. விடியுமுன் எழுந்து, வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொடுத்து, வீடு வந்து சேர நண்பகலாகிவிடும். அதற்குப் பிறகு சமையல், துணி, பிள்ளைகளின் பாடம். இதில் வாரத்திற்கு ஒரே ஒரு வகுப்புக்கு மேல் முதல் ஆண்டில் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த இரண்டு மணி நேரத்தில் அடுப்படி யாருடைய பொறுப்பு, கைக்குழந்தை யாரிடம் என்பதைக் கணவரோடும் மாமியாரோடும் முதல் மாணவியைச் சேர்க்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். “பொழுதுபோக்காகப் பூக்கட்டுகிறாள்” என்று நினைக்கும் வீட்டில் வகுப்பு நடுவே தேநீர் கேட்பார்கள். “வேலை செய்கிறாள்” என்று உணர்ந்த வீட்டிலோ மாணவியருக்கும் சேர்த்துத் தேநீர் வரும். மூத்த பிள்ளையிடம் வருகைப் பதிவேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் கொடுக்கலாம். ஆனால் பள்ளித் தேர்வுக் காலத்தில் அந்த வேலையையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாங்கத்தையும் நம் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். கொலு அலங்காரம் கற்க விரும்புவோருக்கு நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பும், தோரணம் கற்போருக்குப் பொங்கலுக்கு முந்திய பள்ளி விடுமுறையிலும் வகுப்பு வைத்தால், விழா நாளில் ஆசிரியை தம் வீட்டில் இருப்பார். மாணவியர் தத்தம் வீட்டில் கைவண்ணத்தைக் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தொகைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவையே. ஊருக்கு ஊர் மாறும். ஆறு மாணவியர், வாரம் ஒரு வகுப்பாக எட்டு வகுப்புகள், வகுப்புக்குத் தலைக்கு 15 வெள்ளி. மொத்த வரவு 720 வெள்ளி. பூவுக்குத் தலைக்கு 5 வெள்ளி வீதம் 240. நூல், நார், கம்பிவலை 60. பூ வாங்கப் போய்வரும் செலவு 40. மிச்சம் 380 வெள்ளி.

எட்டு வகுப்புகளுக்கு 16 மணி நேரம். ஆக மணிக்கு 23 வெள்ளி 75 காசு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. பூ வாங்குவதற்கும், நாரை ஊறவைப்பதற்கும், இடத்தைக் கூட்டுவதற்கும் வகுப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம் போயிருக்கும். அதையும் சேர்த்தால் 32 மணி. மணிக்கு ஏறத்தாழ 11 வெள்ளி 88 காசு. இதுவே உண்மைக் கூலி. 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை வாரம் 45 மணி நேர வேலைக்கு வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு வருகிறது. நம் ஆசிரியை அதற்கு மேலேதான் நிற்கிறார். ஆனால் முதல் வகுப்பு முடிந்து ஒரு மாணவி பணம் தராமல் நின்றுவிட்டால் அந்த இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும். எனவே எட்டு வகுப்புக்கான கட்டணத்தை, இயலாவிட்டால் பாதியையேனும், தொடக்கத்திலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். உறவினருக்குச் சலுகை உண்டா என்று கேட்பார்கள். உறவினர் பூவுக்கான 40 வெள்ளியையாவது கொடுக்கட்டும். அதையும் கைப்பணத்திலிருந்து போடுவது தொழிலாகாது.

தொழிலாக நடத்தத் தொடங்கியவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசியக் கம்பெனிகள் ஆணையத்தில் பதிவது கட்டாயம். சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் சூட்டினால் 60 வெள்ளி. தோட்டத்து வீட்டில் வகுப்பு நடத்துவோர் நிருவாகத்தின் ஒப்புதலையும், பட்டணத்தில் நடத்துவோர் ஊராட்சி மன்றத்தின் விதிகளையும் முன்னதாகக் கேட்டறிவது நல்லது. இல்லத்தரசியருக்கென 2022 டிசம்பர் முதல் தேதியன்று பெர்க்கேசோ தொடங்கிய சமூகப் பாதுகாப்புத் திட்டமும் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. வீட்டுவேலையில் ஏற்படும் விபத்துக்கும் அது காப்பளிக்கிறது. தம் கைத்திறனை மேலும் வளர்த்துக்கொள்ள விரும்புவோர் கெமாஸ் வகுப்புகளைப் பற்றியும், சமூகக் கல்லூரிகளின் குறுகிய காலப் பயிற்சிகளைப் பற்றியும் வட்டாரத்தில் விசாரிக்கலாம்.

முதல் வகுப்புக்கு ஆறு பேர் கிடைக்காவிட்டால் மூவரோடு தொடங்கலாம். ஆளுக்கொரு பெரிய ஊசி, வெள்ளை நூல்கண்டு, கத்தரிக்கோல், ஈரத்துணி, காலி டின் ஆகியவை இருந்தால் போதும். பாய் விரித்து, வெளிச்சம் இடப்பக்கமாக விழும்படி அமர்த்துங்கள். இடக்கைப் பழக்கமுள்ள மாணவி இருந்தால், அவளை மட்டும் எதிர்ப்புறம் திருப்பி உட்காரச் சொல்லுங்கள்.